கெண்டைச்சதை

"இங்க ஜில்லுன்னு இருக்காம்மா?" என்று மயக்க மருந்து டாக்டர் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை இடது காலில் வைத்துக் கேட்டபோது மணிமொழி "இல்ல சார்" என்றாள். சொல்லிவிட்டு அந்த இல்லைக்குத் தானே பயந்துபோனாள். அந்தக் காலைப் பற்றி எத்தனையோ இல்லைகளைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள்தான், ஓட வருமா இல்லை, சைக்கிள் மிதிக்க வருமா இல்லை, செருப்பு நிற்குமா இல்லை; ஆனால் ஜில்லென்று இருக்கிறதா என்று கேட்டால் அதற்கு மட்டும் எப்போதும் இருக்கிறது என்றுதான் பதில். ஒன்றரை வயதில் போலியோ வந்து முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போன கால். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைச் செத்த கால் என்றே நினைத்தார்கள். ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை காம்பஸ் முனையால் குத்திப் பார்த்துவிட்டு, இவள் கத்தியதும், "ஐயோ, உனக்கு வலிக்குமா?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். வலிக்கும். குளிரும். எறும்பு ஏறினால் வலது காலுக்கு முன்னால் இதற்குத்தான் தெரியும். வேறு வேலை எதுவும் கொடுக்கப்படாத கால், உணருவதையே வேலையாக வைத்துக்கொண்டு நாற்பத்து நாலு வருஷம் ஓட்டிவிட்டது. இப்போது முதுகில் இறங்கிய ஒரே ஊசியில் அந்த வேலையும் போய்விட்டது. வலது காலும் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே யாரோ இரண்டு மூட்டை அரிசியைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போன மாதிரி இருந்தது. இரண்டும் ஒரே எடை, ஒரே மாதிரி, எது எது என்று தெரியாது. இரண்டும் ஒன்றாக வேண்டும் என்றுதானே மன்னார்குடியிலிருந்து திருச்சிக்கு வந்தாய், இந்தா, ஒரு ஊசியில் ஆகிவிட்டது, எழுந்து வீட்டுக்குப் போ என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. எழுந்துதான் போக முடியாது.

நெஞ்சுக்கு மேலே ஒரு பச்சைத் துணியைத் திரை மாதிரி கட்டிவிட்டார்கள். திரைக்கு இந்தப் பக்கம் அவளுடைய தலை, இரண்டு கை, ஒரு கையில் ஏறிக்கொண்டிருக்கும் சலைன், விரல் நுனியில் கவ்விக்கொண்டிருக்கும் கிளிப். அந்தப் பக்கம் அவளுடைய மற்றதெல்லாம். போஸ்ட் ஆபீஸ் கவுண்டர் மாதிரிதான், என்று தோன்றியது. அங்கேயும் இப்படித்தான், கண்ணாடிக்கு மேலே தெரிகிற மணிமொழி ஒருத்தி, மரப்பலகைக்குக் கீழே ஸ்டூலில் தொங்குகிற மணிமொழி ஒருத்தி. பாஸ்புத்தகம் நீட்டுகிறவர்கள், மணியார்டர் கட்டுகிறவர்கள், "மேடம் சிரிச்ச முகம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள், சாப்பாட்டு நேரத்தில் அவள் எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டு நடக்கும்போது பார்த்துவிட்டால் மறுநாளிலிருந்து வேறு மாதிரி பேசுவார்கள். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. சில்லறை இல்லையென்றாலும் பரவாயில்லை என்று. அந்தப் பரவாயில்லையை அவளால் தாங்க முடிவதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வசுமதி யாரிடமோ தன் அபார்ட்மெண்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ வந்தவன் மூடியைத் திறந்தே போட்டுவிட்டுப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்குள்ள ஒரு புறா விழுந்து கெடந்திருக்கு, ரெண்டு நாள் அதையே குடிச்சிருக்கோம்" என்றார். பிறகு அதே குரலில் "ஆரம்பிக்கலாமா மணிமொழி? வலி தெரியாது. இழுக்கிற மாதிரி, தள்ளுற மாதிரி மட்டும் இருக்கும்" என்றார். சரிங்க மேடம் என்றாள். புறா நினைவிலிருந்து போகவில்லை.

இழுக்கிற மாதிரிதான் இருந்தது. அடிவயிற்றுக்குள் யாரோ குழாயை விட்டு, பரணில் சாமான் தேடுவது போல முன்னும் பின்னும் துழாவினார்கள். உடம்பு முழுக்க அந்தத் துழாவலுக்கு ஆடியது, தோள் ஆடியது, தலை ஆடியது, மேலே இருந்த பெரிய விளக்கு ஆடுவதாகத் தெரிந்தது. மெஷின் ஒன்று, மழைத்தண்ணீர் வடிந்துபோகிற கடைசியில் சாக்கடை உறிஞ்சுமே, அந்தச் சத்தத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. வயிற்றிலிருந்தும் தொடையிலிருந்தும் கொழுப்பை உறிஞ்சி எடுப்போம், அதைச் சுத்தம் பண்ணி, மெல்லிசான குழாய் வழியாக இடது கெண்டைக்காலில் கொஞ்சம் கொஞ்சமாக வைப்போம் என்று டாக்டர் முதல் தடவையே ஒரு தாளில் கால் வரைந்து விளக்கியிருந்தார். "நடை மாறாது. பலம் வராது. அது தசை, இது கொழுப்பு. பார்வைக்கு மட்டும்தான். அதுவும் வைக்கிறதுல பாதிதான் நிக்கும், மிச்சத்தை உடம்பே கரைச்சிடும்." தெரியும் மேடம். "அப்ப எதுக்கு பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்க?" எனக்காகத்தான் மேடம். டாக்டர் தலையாட்டினார், சரியான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து டீச்சர் தலையாட்டுவது மாதிரி. யாரோ கட்டாயப்படுத்தி வருகிறவர்களுக்குச் செய்ய மாட்டாராம். எனக்காகத்தான் என்றால் என்ன அர்த்தம் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள். எனக்கு என்றால் எந்த எனக்கு, கண்ணாடிக்கு மேலே இருக்கிறவளுக்கா, பலகைக்குக் கீழே இருக்கிறவளுக்கா. நாத்தனார் தையல்நாயகிதான் பளிச்சென்று காரணம் சொன்னாள். "நல்லாருக்குற வயித்தைக் குத்தி எடுத்து அந்தக் காலுக்கு வைக்கிறதா? நாப்பத்தஞ்சு வயசுல? வேற ஒண்ணுமில்ல அண்ணே, கொழுப்பு." சமையல்கட்டில் இருந்த இவளுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். ஆமாம் கொழுப்புதான், அதைத்தான் இப்போது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், வேண்டுமென்றால் வந்து பார் தையல்நாயகி என்று திரையைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள்.

ஆனால் புருஷன் கலியமூர்த்தி அப்படிச் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்ல மாட்டார். வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில், வேட்டியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் அவளுடைய செருப்பையும் கைப்பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர். நடவு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், அதைக்கூடச் சொல்லவில்லை. ஆபரேஷன் என்று அவள் சொன்ன அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நான் என்னைக்காவது ஏதாவது சொல்லியிருக்கேனா மணி?" இல்லீங்க. சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று மற்ற மூன்று பேர் மாதிரி "கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க" என்று சொல்லவில்லை. கல்யாணத்தில் சுற்றி வரும்போது அவளுடைய வேகத்துக்கு மெதுவாக வந்தார். முதல் ராத்திரி "பல்பு கண்ணைக் கூசுது" என்று அவரே எழுந்து போய் விளக்கை அணைத்தார். அவளுக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது, இவ்வளவு நல்ல மனுஷனா என்று. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பல்பு அவர் கண்ணைக் கூசிக்கொண்டே இருக்கிறது. குழல்விளக்கு வந்தது, எல்.இ.டி. வந்தது, எல்லாம் கூசியது. அவளுடைய உடம்பில் அவர் கைக்குத் தெரியாத இடம் கிடையாது, இடது முழங்கால் வரைக்கும். அதற்குக் கீழே அவர் வந்ததே இல்லை. தூக்கத்தில் கால் பட்டுவிட்டால் கூட, தெரியாமல் சாமி படத்தை மிதித்துவிட்டவர் மாதிரி சட்டென்று இழுத்துக்கொள்வார். அதெல்லாம் பழகிவிட்டது, அதற்காக யாராவது வயிற்றைக் குத்திக்கொள்வார்களா. போன மழைக்காலத்தில்தான், குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தாள். பின்மண்டை குழாயில் அடித்து ரத்தம் கொட்டியது. நைட்டி தொடை வரைக்கும் ஏறிக் கிடந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்தவர் "மணி, மணி" என்று கூப்பிட்டார், முகமெல்லாம் வெளிறிப்போய். வெளியே பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்கள், என்ன சார், என்ன சத்தம் என்று. அப்போது அவர் கொடியில் கிடந்த துண்டை உருவினார். மண்டையில் வைத்து அழுத்தப் போகிறார் என்று அவள் தலையைக்கூடத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அந்தத் துண்டை இடது காலில் போட்டார். நன்றாக, பாதம் தெரியாமல், இரண்டு பக்கமும் செருகி. அப்புறம்தான் தலையைத் தொட்டார். அப்புறம்தான் கதவைத் திறந்தார். வலது காலும் திறந்துதான் கிடந்தது, அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஐந்து தையல். தையல் போடும்போதெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதில் எதைக் குற்றம் என்று சொல்வது. யாரிடம் போய் என்ன சொல்வது, என் புருஷன் என் மானத்தைக் காப்பாற்றினான் என்றா. அந்தத் துண்டு பூப்போட்ட துண்டு, வீட்டில்தான் இருக்கிறது, துவைத்து மடித்து எல்லாருமே துடைத்துக்கொள்கிறார்கள்.

"வயிறு முடிஞ்சுது, தொடைக்குப் போறோம்" என்றார் டாக்டர். போங்க. எங்கே வேண்டுமானாலும் போங்க. மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் நின்றுகொண்டு மானிட்டரைப் பார்த்தார், அவளும் அண்ணாந்து பார்த்தாள், பச்சைக் கோடு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் சொன்னார்களே, ரொம்ப அபூர்வமாக, லட்சத்தில் யாருக்காவது, கொழுப்பு ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் நேரே நுரையீரலில் போய் அடைத்துக்கொள்ளும் என்று. சொல்லாமல் இருந்திருக்கலாம். மூச்சை இழுத்துப் பார்த்தாள். வந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். கொஞ்சம் பாதியில் நிற்கிற மாதிரி இருக்கிறதே. நிற்கிறதா, நாம் நிறுத்துகிறோமா. ஒரு துளி, உருகின நெய் மாதிரி ஒரு துளி, தொடையிலிருந்து கிளம்பி இருட்டில் மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது, யாருக்கும் தெரியாது, இந்தப் பச்சைக் கோட்டுக்கும் தெரியாது. அப்படி ஆகிவிட்டால் கலியமூர்த்தியிடம் கேட்பார்கள், என்னத்துக்குப் பண்ணினாள் என்று. அவர் என்ன சொல்வார். நான் ஒண்ணும் சொன்னதில்லையே என்பார். கைகளை அசைக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் பலகையில் நீட்டி வைத்திருந்தார்கள். மூக்கு அரித்தது. அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. இடுப்புக்குக் கீழே இல்லாமல் மேலே மட்டும் உயிரோடு இருப்பது அவளுக்குப் புதிதில்லை. பாமணி ஆற்று மணலில் குழி தோண்டி அம்மா அவளை இறக்கி இடுப்பு வரைக்கும் மணலைத் தள்ளி மூடுவாள். சூரிய வெப்பம் நரம்பைத் திறக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதி மணிமொழிக்கு ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்துவிட்டு அம்மா துவைக்கப் போய்விடுவாள். பந்து கையிலிருந்து நழுவி உருண்டு போய்விடும். அதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அழுதால் அம்மா தூரத்திலிருந்து "தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்" என்பாள். அந்த மணலுக்குள் சூடு எப்படி இருந்தது என்று இப்போதுகூட அவளுக்குத் தெரியும், இடது காலில்தான் தெரியும். "அந்தக் கம்பவுண்டர் கையால ஊசி போடாம இருந்திருந்தா" என்று அம்மா இன்னும் ஆரம்பிப்பாள். "ராத்திரி காய்ச்சல், காலையில எழுப்பி நிக்க வச்சேன், துணி மாதிரி மடிஞ்சு விழுந்துச்சு." கேட்டுக் கேட்டு அந்தத் துணி மடிகிறது மணிமொழிக்கே ஞாபகம் இருப்பது போல ஆகிவிட்டது. அதற்கு முன்னால் நான்கு மாதம் நடந்தாளாம். வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடினாளாம், பிடித்துக்கொண்டு வருவதே வேலையாம். அந்த நான்கு மாதம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை.

மூக்கு அரிப்பு போய்விட்டது, எப்போது போனது என்று தெரியவில்லை. தலையைச் சாய்த்தால் ஒரு ஸ்டாண்டில் வரிசையாகச் சிரிஞ்சுகளை நிறுத்தி வைத்திருந்தது தெரிந்தது. அடியில் ரத்தம் கலந்த தண்ணீர், நடுவில் மஞ்சளாக, பருப்பை மசித்து வைத்த மாதிரி கெட்டியாக, மேலே கொஞ்சம் எண்ணெய். இதுவா நான். இளவேனில் வயிற்றில் இருந்தபோது போட்டது, அவள் பிறந்த பிறகு பத்தியத்தில் போட்டது, கவுண்டரில் உட்கார்ந்து உட்கார்ந்து போட்டது. இளவேனிலிடம் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் காலேஜ், பரீட்சை நேரம், தொந்தரவு பண்ண வேண்டாம் என்று கலியமூர்த்தியிடம் காரணம் சொன்னாள். அது இல்லை. போன வருஷம் மகளிர் தினத்துக்குக் காலேஜில் பேசி, அதைப் போனில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள் அவள். "என் அம்மா தன் காலை ஒருநாளும் குறையாக நினைத்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பார்த்து வருத்தப்பட்ட அம்மாவை நான் பார்த்ததே இல்லை." அரங்கமே கைதட்டியது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீரோடு, எவ்வளவு அழகாக நின்றாள், இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு. பார்த்ததே இல்லை என்பது நிஜம்தான், பெண் பள்ளிக்கூடம் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறவளை எப்படிப் பார்த்திருப்பாள். போஸ்ட் ஆபீஸில் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தார்கள், போஸ்ட்மாஸ்டர் கைகுலுக்கினார். அன்றிலிருந்து அவள் குறையாக நினைக்காதவள் ஆகிவிட்டாள், வேறு வழியில்லை. விடுமுறைக்கு வந்தால் தெரிந்துவிடும். தெரியாது, புடவைக்குள்தானே இருக்கப்போகிறது. தெரியாதென்றால் எதற்கு. மறுபடியும் அந்த எதற்கு வந்து நின்றது. பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, நாக்கு அங்கேயே போகிறது.

"திருப்பிப் போடுங்க" என்றார் டாக்டர். நான்கு பேர் சேர்ந்தார்கள், ஒன்று, இரண்டு, மூன்று, விளக்கு போய்த் தரை வந்தது. முகத்தை நடுவில் ஓட்டை போட்ட தலையணைக்குள் வைத்தார்கள். திருப்பும்போது ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கிவிட்டது போலிருக்கிறது, "கால், கால்" என்று யாரோ சொன்னார்கள். எந்தக் கால் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஓட்டை வழியாக மொசைக் தரையும் டாக்டருடைய நீலநிற ரப்பர் செருப்பும் தெரிந்தன. செருப்பு கொஞ்சம் முன்னால் வரும், பின்னால் போகும், அதை வைத்துத்தான் என்ன நடக்கிறது என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது காலுக்கு வந்துவிட்டார்கள். வைக்கிறார்கள். வெளிச்சத்தில், அத்தனை பெரிய விளக்கின் கீழே, ஐந்தாறு பேர் அந்தக் காலைச் சுற்றி நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படி யாரும் பார்த்ததில்லை, அம்மாகூட. அவள் உடம்பு கூசியது. கூச வேண்டிய கால் கூசாமல் கிடந்தது. அப்புறம் டாக்டர், தண்ணீர்த் தொட்டி பேசிய குரலில் இல்லை, தாழ்ந்த குரலில் "இறுக்கமா இருக்கே" என்றார். "தோல் இடம் குடுக்கலையே. நாம நினைச்ச அளவு ஏறாது." "மிச்சம் மேடம்?" என்று ஒரு பெண் குரல் கேட்டது. "என்ன பண்றது. கொட்டிட வேண்டியதுதான்." செருப்பு ஒரு அடி பின்னால் போனது. கொட்டுவதா. எதைக் கொட்டுவது. தன் வயிற்றிலிருந்து எடுத்ததை, அங்கே வரிசையாக நின்றதை. அந்தத் தோலுக்கு என்ன தெரியும், அது அத்தனை வருஷம் எலும்பை ஒட்டியே கிடந்தது, யாராவது வந்து உட்காரப் போகிறார்கள் என்று அது நினைத்திருக்குமா, பாவம், கொஞ்சம் பொறுத்தால் விலகிக்கொடுக்கும். "மேடம்" என்றாள். தலையணைக்குள் சத்தம் புதைந்தது. "மேடம்." செருப்பு கிட்டே வந்தது. "என்னம்மா, வலிக்குதா?" "இல்ல மேடம். இன்னும் கொஞ்சம் போடுங்க." சொன்ன பிறகுதான் அது பந்தியில் உட்கார்ந்து கேட்பது மாதிரி இருக்கிறது என்று உறைத்தது, யாரோ லேசாகச் சிரித்தார்கள்கூட. டாக்டர் சிரிக்கவில்லை. குனிந்து, அவள் காதருகே வந்து, "போட்டா நிக்காதும்மா. நெருக்கி வச்சா உள்ள ரத்தம் ஓடாது, வச்சதும் சேந்து செத்துரும். இப்ப வச்சிருக்கிறது நல்லா இருக்கு. இது வரைக்கும் போதும்னு உடம்பு சொல்லுது, நான் என்ன பண்ண?" என்றார். "சரிங்க மேடம்." "அழுவுறீங்களா?" "இல்ல மேடம், மூக்கு அரிக்குது." ஒரு நர்ஸ் கையை உள்ளே விட்டு அவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். தரையில் ஒரு மஞ்சள் துளி விழுந்து கிடந்தது. யாருடைய செருப்போ அதை மிதித்து இழுத்துக்கொண்டு போனது.

கண் விழித்தபோது வேறு அறை. மயக்கம் கொடுக்கவில்லை, தானாகவேதான் அசந்து தூங்கியிருக்கிறாள். ஜன்னலில் மதியம் தாண்டிய வெயில். அடிவயிறு தீயில் வாட்டின மாதிரி எரிய ஆரம்பித்திருந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே பஞ்சை நிறைய வைத்துத் தளர்வாகக் கட்டுப் போட்டுத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தார்கள். பாதத்தையும் சேர்த்துச் சுற்றி விரல் நுனிகள் மட்டும் வெளியே. பெரிய கால். நிறைந்த கால். யாருடையதோ மாதிரி இருந்தது. அப்போதுதான் டூட்டிக்கு வந்திருந்த நர்ஸ், ஐம்பது வயது இருக்கும், மார்பில் லூர்துமேரி என்று பெயர் குத்தியிருந்தாள், போர்வையை விலக்கிவிட்டு "மரப்பு எறங்கிடுச்சான்னு பாப்போம், கால் விரலை ஆட்டுங்கம்மா" என்றாள். வலது கால் ஆடியது. மெதுவாக, தூங்கி எழுந்த பிள்ளை மாதிரி, ஆனால் ஆடியது. "ஆங், வந்துருச்சு. இப்ப இது." மணிமொழி ஜன்னலைப் பார்த்தாள். "இதை ஆட்டுங்கம்மா." லூர்துமேரி பெருவிரலைப் பிடித்து அழுத்தினாள். "நான் தொடுறது தெரியுதா?" தெரிந்தது. அந்த விரல்களின் சூடு, ஓரத்தில் நகம், கொஞ்சம் ஈரம், எல்லாம் தெரிந்தது. கால் திரும்பி வந்துவிட்டது. "தெரியுது சிஸ்டர்." "அப்ப ஆட்டணுமே. தெரிஞ்சா ஆடணுமே." குனிந்து பார்த்தாள், பஞ்சுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள், கட்டு இறுக்கமோ என்று விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. இப்படி ஒரு முகத்தை மணிமொழி தன் காலுக்கு நேராகப் பார்த்ததே இல்லை. அந்தக் கால் ஆடும் என்று நம்புகிற முகம். ஆட வேண்டிய கால் ஏன் ஆடவில்லை என்று பதறுகிற முகம். இந்த நாற்பத்து நாலு வருஷத்தில் ஒரு ஆள்கூட, அம்மா மணலைத் தோண்டுவதை விட்ட பிறகு ஒரு ஆள்கூட, அதை அப்படிக் கேட்டதில்லை. சொல்லிவிட வேண்டும், ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. "பயப்படாதீங்க, வரும். மனசை அங்க வச்சு ஆட்டுங்க, வரும்" என்றாள் லூர்துமேரி, தானே பயந்துபோய், கட்டின் மேலேயே பாதத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டே. மணிமொழி மனசை அங்கே வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றெரிச்சலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆடு என்றாள். எத்தனை வருஷம் ஆகிவிட்டது அதனிடம் இப்படிக் கேட்டு. ஆடு, ஒரே ஒரு தடவை, சுண்டுவிரல் மட்டும், யாருக்கும் சொல்ல மாட்டேன். நெற்றி வேர்த்தது. வலது கால்தான், தனக்குச் சொன்னதாக நினைத்துக்கொண்டு, படுக்கைமேல் துள்ளித் துள்ளி ஆடியது. "டாக்டரைக் கூப்புடுறேன்" என்று லூர்துமேரி சுவரில் இருந்த போனுக்கு ஓடினாள். "வேணாம் சிஸ்டர்." திரும்பிப் பார்த்தாள். "அது ஆடாது. சின்ன வயசுல போலியோ." லூர்துமேரி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், மெதுவாக அதை மாட்டினாள். இதோ வருகிறது, முகத்தில் அந்தப் பழைய இளக்கம் வருகிறது, குரல் தாழப்போகிறது என்று மணிமொழி காத்திருந்தாள். வந்தது. "ஐயோ, சொல்லக்கூடாதாம்மா, எனக்கு உசுரே போயிருச்சு" என்றாள். கிட்டே வந்து கட்டைப் பார்த்து, "ஆனா பாத்தா ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். வெளியே போய் வராந்தாவில் "சாமி, ஒங்க வீட்டம்மா நல்லாருக்காங்க, காபி வாங்கிட்டு வாங்க" என்று சொல்வது கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம், கலியமூர்த்தி தொண்டையைச் செருமுவது, படியிறங்கிப் போகிற அவருடைய சீரான இரண்டு கால்கள். அறையில் யாரும் இல்லை. மணிமொழி தலையைத் தூக்கி, கட்டுக்கு வெளியே தெரிந்த ஐந்து விரல்களையும் பார்த்தாள். இன்னொரு தடவை, இந்த முறை சத்தமாகவே, ஆடேன் என்று சொன்னாள். ஜன்னலிலிருந்து வந்த காற்று அந்த விரல்களில் பட்டது. ஜில்லென்று, தெளிவாக, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பட்டது. அவை ஆடவில்லை.